சிற்றாற்றை மீட்டெடுக்கும் பணி: வரைபடத்திலும் களத்திலும் எதிர்ப்படும் சிக்கல்கள்

தமிழ்நாட்டுச் சிற்றாறுகளில் பெரும்பாலானவற்றில் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான் வெள்ளம் ஓடும். மற்ற நாட்களில் அவை மணல் திட்டாகவோ, சீமைக்கருவேலங்காடாகவோ, ஊரின் சாக்கடை வழியாகவோ கிடக்கும். இத்தகைய ஆறு ஒன்றை மீட்க வேண்டும் என்று ஓர் ஊராட்சியோ தன்னார்வக் குழுவோ நிதி திரட்டி முனையும்போது நடப்பது ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஒன்றாகவே இருக்கிறது. பொக்லைன் இறங்குகிறது; முட்செடிகள் அகற்றப்படுகின்றன; படுகை ஒரே சீராகத் தோண்டப்பட்டு, தோண்டிய மண் இருபுறமும் கரையாகக் குவிக்கப்படுகிறது; திறப்பு விழாவில் படம் எடுக்கப்படுகிறது. அடுத்த பெருமழையில் அந்தத் தளர்ந்த மண் மீண்டும் ஆற்றுக்குள்ளேயே கரைந்து வந்து சேர்கிறது.

5 முதல் 10 கி.மீ. நீளமுள்ள பணி ஒன்றை எடுத்துச் செய்யவிருக்கும் பொறியாளர்களையும் குழுக்களையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. எந்த வரிசையில் முடிவெடுப்பது, எங்கே பணம் வீணாகும், வரைபடத்தில் சரியாக இருப்பது களத்தில் ஏன் தவறுகிறது என்பவையே இதன் பொருள். ஆறு எவ்வளவு அகலத்தில் ஓடும், அதன் படுகை எந்த மட்டத்தில் நிற்கும் என்ற இரண்டையும் உறுதி செய்யாமல் கரைக்கட்டு, தடுப்பணை, நடைபாதை, மரம் என எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. கீழே வருபவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைப்பவை.

நோக்கத்தை முதலில் எழுதி வைத்தல்

“ஆற்றுக்குப் புத்துயிர் அளித்தல்” என்பது திட்ட நோக்கமாகாது. வெள்ளம் ஊருக்குள் வராமல் தடுப்பதா, நிலத்தடி நீரைப் பெருக்குவதா, சாக்கடையை விலக்குவதா, மீனும் பறவையும் திரும்பி வருவதா என்று பிரித்து எழுத வேண்டும். ஏனெனில் இவை ஒன்றோடொன்று மோதுபவை. நீரைத் தேக்கி ஊறவிடும் தடுப்பணை, வெள்ளமட்டத்தை மேல்புறத்தில் உயர்த்தும். கரையோர மரங்கள் உயிரினங்களுக்கு நல்லவை; ஆனால் நீரோட்டத்தைத் தாமதப்படுத்தும். வெள்ளம் விரைந்து வடிய வழி செய்தால், ஊற வேண்டிய நீரும் கடலுக்குப் போய்விடும். எதற்கு முதலிடம், எதை எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பதைப் பணி தொடங்கும் முன்பே எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொண்டால், பாதி வழியில் ஒருவர் படித்துறை கேட்கும்போதும் இன்னொருவர் படகுக் குழாம் கேட்கும்போதும் பதில் சொல்ல ஓர் அடிப்படை இருக்கும். நோக்கத்தில் அளவும் இருக்க வேண்டும்: எந்தக் கிணறுகளில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் உயர வேண்டும், எந்தப் பாலத்தில் வெள்ளம் எந்தக் குறிக்கு மேல் ஏறக் கூடாது என்ற வகையில்.

எல்லை

வருவாய்த் துறையின் புலப்படத்தையும், புல எண்வாரியாக நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனால், தாளில் உள்ள ஆறு ஓரிடத்திலும் நீர் ஓடும் ஆறு வேறிடத்திலும் இருப்பதைக் காணலாம். நில அளவைக்குப் பின் ஆறு நகர்ந்திருக்கும். ஆற்றுப் புறம்போக்கின் ஒரு பகுதி தோப்பாகியிருக்கும். இப்போது வெள்ளம் ஓடும் நிலமோ ஒருவரின் பட்டாவில் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் வடிவமைத்தால், வரைபடத்தில் அழகாக வளையும் ஆறு களத்தில் ஒரு வேலியில் போய் முட்டி நிற்கும்.

ஆகவே முதல் செலவு அளவைக்கே. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, நில அளவரை வைத்து எல்லைக்கல் நடச் செய்து, அந்தக் கற்களின் இருப்பிடத்தை டோட்டல் ஸ்டேஷன் என்னும் மின்னணு அளவைக் கருவி கொண்டு உங்கள் வரைபடத்தில் ஏற்றுங்கள். ஆக்கிரமிப்பு அகற்றத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஏரிகளைக் காப்பதற்காக இயற்றப்பட்டது. ஆற்றுப் புறம்போக்குக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தையே பெரும்பாலும் நாட வேண்டியிருக்கும். எந்தச் சட்டமானாலும் அறிவிப்பு, விசாரணை, மேல்முறையீடு என்று காலம் பிடிக்கும். அந்தக் காலத்தைத் திட்ட அட்டவணையில் காட்டாதவர்கள் ஒப்பந்தக்காரரை வெறுமனே காக்க வைத்து இழப்பீடு கொடுக்க நேரிடும்.

கரையில் குடியிருப்பவர்களை அப்புறப்படுத்துவது இவ்வேலையின் மிகக் கடினமான பகுதி. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பலர் பெரும்பாக்கம் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். வேலையும் பள்ளியும் பழைய இடத்திலேயே இருந்ததால் அவர்கள் பட்ட பாடு பலமுறை பதிவாகியுள்ளது. அருகிலேயே மாற்று இடம் தேடுவது வடிவமைப்பாளரின் வேலை அல்ல என்று ஒதுங்கிவிட முடியாது. ஆற்றின் அகலத்தை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று கோடு போடுபவர் அவர்தான். எத்தனை வீடுகள் போகும் என்பதையும் அந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது.

நிலம்தான் முதலில் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கிசிமி ஆறு நல்ல சான்று. வளைந்து நெளிந்து ஓடிய அந்த ஆறு 1962 முதல் 1971 வரை நடந்த வேலையில் நேரான கால்வாயாக வெட்டப்பட்டது. பிறகு அதே கால்வாயில் ஏறத்தாழ 35 கி.மீ. நீளத்தை மண்ணால் மூடிப் பழைய வளைவுகளுக்கு நீரைத் திருப்பும் வேலை 1999இல் தொடங்கி 2021இல்தான் முடிந்தது. அதற்காக 1,00,000 ஏக்கருக்கு மேல் நிலம் கையகப்படுத்தப்பட்டது. அந்த நிலம் இல்லாமல் அந்த வளைவுகள் இல்லை.

அளவுமானி இல்லாத ஆற்றின் வெள்ளம்

பெரிய ஆறுகளுக்கு நீரளவுப் பதிவுகள் கிடைக்கும். சிற்றாறுகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்போது தமிழகப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் ரைவ்ஸ் சூத்திரம் தொடக்க மதிப்பீட்டுக்கு உதவும். நீர்பிடிப்புப் பரப்பைச் சதுர கி.மீ.யில் எடுத்து, அதை 2/3 என்ற அடுக்குக்கு உயர்த்தி (அதாவது கனமூலத்தின் வர்க்கத்தைக் கண்டு), ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் அமைந்த பகுதிக்கு அந்தக் கெழு 6.8, அதற்கு அப்பால் 8.5, மலையை ஒட்டிய பகுதிக்கு 10.2. 100 சதுர கி.மீ. நீர்பிடிப்பு கொண்ட கடலோரச் சிற்றாற்றுக்கு இது நொடிக்கு ஏறத்தாழ 146 கனமீட்டர் என்று தருகிறது. மலையடிவாரமாக இருந்தால் 220 கனமீட்டர்.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. மேலே ஏரிச் சங்கிலி இருந்தால் நடுத்தர மழையின் வெள்ளத்தை ஏரிகள் உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் எல்லா ஏரிகளும் நிரம்பிக் கலிங்குகள் ஒரே நேரத்தில் பாயும்போதும், ஓர் ஏரி உடையும்போதும் சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதலாக நீர் வரக்கூடும். எனவே சூத்திரத்தின் விடையை ஊராரின் நினைவோடு ஒப்பிட வேண்டும். பழைய பாலத்தின் தூணில் உள்ள கறை, கோவில் மதிலில் நீர் நின்ற கோடு, “இந்தத் திண்ணை வரைக்கும் தண்ணி வந்துச்சு” என்று பாட்டி காட்டும் இடம் ஆகியவற்றின் மட்டத்தை மட்டக்கருவி வைத்துக் குறித்து, அந்த உயரத்துக்கு நீர் ஓடினால் எவ்வளவு ஓடியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளும் பெரிதும் வேறுபட்டால், காரணம் தெரியும் வரை மேலே செல்ல வேண்டாம்.

ஆழமா, அகலமா

இனி மேற்சொன்ன 146 கனமீட்டரைக் கடத்துவதற்கான குறுக்குவெட்டைப் பார்க்கலாம். அடி அகலம் 20 மீட்டர், நீரின் ஆழம் 2 மீட்டர், கரைச் சரிவு இரண்டுக்கு ஒன்று, படுகைச் சரிவு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மேனிங் சூத்திரப்படி, சுத்தமான மண் படுகையில் (உராய்வுக் கெழு 0.03) இதில் நொடிக்குச் சுமார் 71 கனமீட்டர் ஓடும். செடி மண்டிக் கெழு 0.06 ஆனால், அது அப்படியே பாதியாகி 35 கனமீட்டருக்கு இறங்கிவிடும். தேவையோ 146.

இங்கேதான் சபலம் எழுகிறது. படுகையை இன்னும் 1 மீட்டர் தோண்டி ஆழத்தை 3 மீட்டராக்கினால் கொள்ளளவு ஏறத்தாழ 145 கனமீட்டராக உயர்கிறது. நிலம் வாங்க வேண்டாம், வீடு இடிக்க வேண்டாம், இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம். “தூர்வாருதல்” என்ற பெயரில் நடக்கும் பணிகளில் பல இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் கணக்கில் வராதவை பல உண்டு. ஆற்றில் சேரும் ஓடைகள் இப்போது 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றன. அந்த வீழ்ச்சி ஒவ்வொரு மழைக்கும் ஓடையின் மேல்புறமாகத் தின்றுகொண்டே போய், அங்குள்ள சிறுபாலங்களின் அடித்தளத்தை வெளியே காட்டும். கரையோர உறைகிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். பாலத் தூண்களைச் சுற்றியிருந்த மண் குறையும். தோண்டிய பள்ளத்துக்கு மேலேயிருந்து மணல் வந்து கொஞ்ச ஆண்டுகளில் அதை நிரப்பிவிடுவதால், கிடைத்த கொள்ளளவும் நிலைப்பதில்லை.

மாற்று வழி, வாய்க்காலை 2 மீட்டர் ஆழத்திலேயே விட்டுவிட்டு, வெள்ளக்கரையை இருபுறமும் 20 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, இடையில் வெள்ளமேடை அமைப்பது. நீர் மேடைக்கு மேல் 0.8 மீட்டர் ஏறும்போது நடுவாய்க்காலில் சுமார் 134 கனமீட்டரும், செடி மண்டிய இரு மேடைகளிலும் சேர்த்துச் சுமார் 14 கனமீட்டரும் ஓடும். மொத்தம் தேவைக்குச் சற்று மேலே. மேடையில் ஓடுவது பத்தில் ஒரு பங்குதானே, அதற்காகவா இவ்வளவு நிலம் என்று கேட்கத் தோன்றும். அந்தப் பத்தில் ஒரு பங்குதான் இந்த அமைப்பின் சிறப்பே. மேடையில் மரம் வளர்த்தாலும் வெள்ளக் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. வாய்க்கால் ஓரிடத்தில் பக்கவாட்டில் அரித்தாலும் வெள்ளக்கரை உடனே உடையாது. ஆறு சற்றே நகர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. விலை என்னவென்றால், 1 கி.மீ.க்கு 4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம். எல்லா இடத்திலும் இது கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் அகலமாகவும், ஊருக்குள் நெருக்கமான இடத்தில் குறுகலாகவும் அமைத்து, குறுகும் இடத்தில் மட்டும் கல் கட்டுமானத்துக்குச் செலவு செய்வதே நடைமுறைக்கு ஒத்தது.

வெள்ளக்கரை போட்டால் ஊர்ப்பக்கத்து மழைநீர் ஆற்றுக்குள் வர வழியின்றித் தேங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வடிகாலுக்கும் எதிரோட்டத் தடுப்புக் கதவுடன் கூடிய மதகு தேவை. இதை மதிப்பீட்டில் சேர்க்காத திட்டங்களில், வெள்ளக்கரைக்காகப் பாடுபட்ட ஊராரே முதல் மழையில் அதைக் கடப்பாறையால் வெட்டிவிடுவார்கள்.

படுகை மட்டம்

மணல் அள்ளப்பட்ட ஆறுகளில் படுகை ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் சரிந்தபோது, 1836இல் கட்டப்பட்ட அந்த அமைப்பின் வயதோடு கீழ்ப்புறத்தில் மணல் அள்ளப்பட்டதையும் பலர் காரணமாகச் சுட்டினார்கள். அது போன்ற ஆற்றில் கரையை மட்டும் பலப்படுத்துவது வீண். அடி இறங்கிக்கொண்டே இருந்தால் எந்தக் கரையும் நிற்காது.

எனவே திட்ட நீளத்துக்கு மேலும் கீழும் குறைந்தது தலா ஒரு கி.மீ. கூடுதலாகப் படுகையின் நெடுக்குவெட்டை அளந்து, பாறை வெளித்தெரியும் இடங்கள், அணைக்கட்டுகளின் உச்சி மட்டம், பாலங்களின் தளம் ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். ஆற்றின் மட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆணிகள் இவையே. இரண்டு ஆணிகளுக்கு இடையே படுகை திடீரென்று இறங்கும் இடம் இருந்தால், அந்தப் படி மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதைப் பெரிய கற்களால் ஆன தாழ்ந்த சரிவுத்தளம் கொண்டு நிறுத்துவது, உயரமான தடுப்பணை கட்டுவதைவிட மலிவு. மீன் ஏறவும் தடையில்லை. தடுப்பணை மேலே மணலைப் பிடித்துக்கொள்வதால், கீழே வரும் நீர் மணலுக்குப் பசித்து படுகையை மேலும் அரிக்கும்.

அந்தக் கல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு எளிய சோதனை உண்டு. நீரின் ஆழத்தையும் படுகைச் சரிவையும் பெருக்கி, விடையை 13ஆல் பெருக்கினால், அந்த வெள்ளத்தில் நகரத் தொடங்கும் கல்லின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். 2 மீட்டர் ஆழம், ஆயிரத்தில் ஒன்று சரிவு என்றால் 2.6 செ.மீ. அதாவது அந்த ஆற்றின் மணலும் கூழாங்கல்லும் வெள்ளத்தில் முழுவதும் நடமாடும். நீங்கள் அழகாக வெட்டி வைத்த மடுவும் மேடும் அவ்வெள்ளத்துக்குப் பின் இருந்த இடத்தில் இருக்கப்போவதில்லை என்பதே இதன் பொருள். ஓரிடத்தில் நிற்க வேண்டிய கல், சுழலையும் கணக்கில் கொண்டு, இந்த அளவைப் போல் பல மடங்கு இருக்க வேண்டும்.

இதை மறந்ததற்குச் சான்று கலிபோர்னியாவின் ஊவாஸ் ஓடை. அங்கே சமச்சீரான வளைவுகளுடன் புதிய வாய்க்கால் ஒன்று 1995 நவம்பரில் கட்டி முடிக்கப்பட்டது. 1996 பிப்ரவரி வெள்ளத்தில் அது அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஓடை இயல்பில் சீராக வளைந்து ஓடுவதல்ல, பல கிளைகளாகப் பிரிந்து மாறிக்கொண்டே இருப்பது என்று பிந்தைய ஆய்வு காட்டியது. நம் மணற்பாங்கான பருவ ஆறுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் உள்ள வளைவு விகிதங்களை எடுத்து இங்கே வரைவதற்கு முன், பழைய நிலவரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இந்த ஆறு தானாக விட்டபோது எப்படி ஓடியது என்று பாருங்கள்.

கரைக் கட்டு எங்கே விழுகிறது

கல் பதித்த கரை சரியும்போது, மேலிருந்து சரிந்ததாகவே தோன்றும். உண்மையில் பெரும்பாலும் அடிக்கால்தான் முதலில் போயிருக்கும். மேற்கண்ட அதே ஆற்றில், 1 மீட்டர் அகலத்துக்கு நொடிக்குச் சுமார் 3 கனமீட்டர் நீர் ஓடுகிறது. மணலின் சராசரிப் பருமன் 0.3 மி.மீ. அளவில் இருந்தால், லேசி முறைப்படி அரிப்பு ஆழம் நீர்மட்டத்திலிருந்து 2.8 மீட்டர், வளைவில் ஒன்றரை மடங்கு எடுத்துக்கொண்டால் 4.2 மீட்டர். நீரின் ஆழம் 2 மீட்டர்தான் என்பதால், வெள்ளத்தின்போது படுகை 2.2 மீட்டர் வரை கீழே பறிபோகலாம். வெள்ளம் வடியும்போது மணல் மீண்டும் வந்து படிந்துவிடுவதால், மறுநாள் போய்ப் பார்ப்பவருக்கு எதுவும் நடக்காதது போல் தெரியும். அரை மீட்டர் அடித்தளத்தோடு நின்றிருந்த கல்கட்டு மட்டும் சாய்ந்து கிடக்கும்.

அவ்வளவு ஆழம் தோண்ட முடியாத இடத்தில், கம்பிவலைக் கல்பெட்டிகளைப் படுகையின் மேல் பாய் போல விரித்து, அடியில் மண் பறிபோனால் அந்தப் பாய் தானாகவே வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும்படி அமைப்பது வழக்கம். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டித் துணியோ, படிப்படியாகப் பருமன் மாறும் சரளை அடுக்கோ இல்லையென்றால், வெள்ளம் இறங்கும்போது கரைக்குள் தங்கிய நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு கல் இடுக்கு வழியே வெளியேறும். ஒப்பந்தக்காரர்கள் முதலில் விட்டுவிடுவது இந்தத் துணியைத்தான். மூடிய பின் யாரும் பார்க்க முடியாது. மூடும் முன் ஒவ்வொரு 20 மீட்டருக்கும் படம் எடுத்து அளவுப் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கல்லே வேண்டாத இடமும் உண்டு. கரை அரித்தாலும் யாருக்கும் சேதமில்லாத இடத்தில் அரிக்கவிடலாம். மியூனிக் நகருக்குள் இசார் ஆற்றில் 2000 முதல் 2011 வரை 8 கி.மீ. நீளத்துக்கு நடந்த பணியில், கெட்டிக் கரைகளை அகற்றி, சரளைத் திட்டுகளை ஆறே தன் போக்கில் அமைத்துக்கொள்ள விட்டார்கள்.

கழிவுநீர் என்ற முன்நிபந்தனை

கோடையில் ஊருக்குள் ஓடுவது சாக்கடை மட்டும்தான் என்றால், அதை மறித்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பியதும் ஆறு வறண்டுவிடும். அது தோல்வி அல்ல; பருவ ஆறு வறண்டிருப்பது இயல்பு. ஆனால் நீர் ததும்பும் ஆற்றைப் படத்தில் காட்டி நிதி வாங்கியவர்களுக்கு அது பெரும் சங்கடம். சியோல் நகரின் சியோங்கியேச்சியோன் ஓடை 2005இல் 5.8 கி.மீ. நீளத்துக்குத் திறக்கப்பட்டபோது, அதில் ஓடுவதற்கான நீரை நாள்தோறும் ஹான் ஆற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவ்வளவு மின்கட்டணம் கட்டத் தெம்பில்லாத பேரூராட்சி அந்த வழியை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். சுத்திகரித்த நீரை ஆற்றிலேயே விடுவதா, விவசாயத்துக்குத் தருவதா என்பதைத்தான் அது முடிவு செய்ய வேண்டும். நாணலும் கோரையும் வளர்க்கும் செயற்கை ஈரநிலம் சிறு ஊர்களுக்கு ஏற்றது. ஆனால் அதை முதன்மை வாய்க்காலுக்குள் கட்டினால் முதல் வெள்ளத்தில் போய்விடும், மேடைக்கு அப்பால்தான் கட்ட வேண்டும்.

தொழிற்சாலைக் கழிவு படிந்த ஆறாக இருந்தால் இன்னொரு கேள்வி: அடியில் உள்ள வண்டலில் என்ன இருக்கிறது? திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யலும், 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையும் கெட்ட கதையும், 2011இல் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் தெரிந்தவையே. அப்படிப்பட்ட படுகையில் வண்டலைச் சோதிக்காமல் எடுத்து வயலில் கொட்டக் கூடாது.

கழிமுகத்தில் நிலைமை வேறு. சென்னையில் அடையாறு உப்பங்கழியில் கட்டட இடிபாடுகளும் குப்பையும் குவிந்து கிடந்த 58 ஏக்கர் நிலத்தைச் சீரமைத்து 2011இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே செடி நடுவதைவிட முக்கியமானது, அலைநீர் ஏறி இறங்கும் வகையில் மட்டங்களை மீண்டும் அமைத்தது. முகத்துவாரத்தில் மணல்திட்டு மூடிக்கொண்டால் அந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும் என்பதால், அத்தகைய திட்டங்களில் மணல்திட்டை அகற்றும் செலவு ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும்.

ஒப்பந்தமும் களமும்

மண்வேலைக்குக் கனமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், அதிகம் தோண்டுவதே ஒப்பந்தக்காரருக்கு ஆதாயம். ஆறு மீட்புப் பணியிலோ தோண்டாமல் விடுவதும் ஒரு வேலை. ஆகவே ஒவ்வொரு 25 மீட்டருக்கும் அனுமதிக்கப்பட்ட குறுக்குவெட்டை வரைந்து, அதற்குக் கீழே தோண்டிய மண்ணுக்குப் பணம் இல்லை, திரும்ப நிரப்புவது ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். காக்க வேண்டிய மரங்களுக்கு வண்ணம் பூசி எண் கொடுத்து, வெட்டினால் அபராதம் என்று சேர்த்துவிடுங்கள்.

பொக்லைன் ஓட்டுநர் படம் பார்த்து வேலை செய்பவர் அல்லர். அவருக்கு அன்றைய தூரம் முழுவதும் கழி நட்டு, சரிவுக்கு ஏற்பச் சட்டம் அடித்து, கயிறு கட்டிக் காட்ட வேண்டும். பழக்கத்தால் அவர் கை எதையும் இழுத்து மழுமழுவென்று சீராக்கும். மேடுபள்ளம் வேண்டுமென்றேதான் என்பதை அவருக்குப் புரிய வைக்கப் பேச்சு போதாது. முதல் 100 மீட்டரை மாதிரிப் பகுதியாகச் செய்து, வடிவமைத்தவர் கூடவே நின்று, “இந்தத் திட்டு இப்படியே இருக்கட்டும் தம்பி, வாளியால தட்டாதீங்க” என்று கைகாட்டிச் சொல்ல வேண்டும். அந்த 100 மீட்டர் சரியாக வந்துவிட்டால் மீதி தானாக வரும்.

பருவம் மன்னிக்காது. வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள ஆறுகளில் பிப்ரவரி முதல் செப்டம்பர் நடுவரை வேலை செய்யலாம். காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12க்குள் முடித்தாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொள்வதால் காலம் இன்னும் குறுகும். நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி எல்லாம் முடிந்து ஆகஸ்டில் பணியாணை கைக்கு வந்தால், அந்த ஆண்டு முட்செடி அகற்றுவதோடும் அளவையோடும் நிறுத்திக்கொள்வதே நல்லது. அரைகுறையாகத் திறந்து போட்ட கரை, தொடாத கரையைவிட மோசமானது.

தோண்டிய மண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். ஆற்றிலிருந்து மணலாக வெளியே போனால் கனிம விதிகளும் வழக்கும் வரும். கரையிலேயே குவித்தால் மேடையின் அகலம் போகும். பழைய மணல் குழிகளை நிரப்பவும், வெள்ளக்கரையின் உட்கருவுக்கும் முதலில் ஒதுக்குங்கள். கரை மண்ணை 20 முதல் 25 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்து, உருளையால் இறுக்க வேண்டும். டிப்பரில் கொட்டி மேலே ஓட்டிவிடுவது இறுக்கம் ஆகாது.

செடிகளும் பிந்தைய ஆண்டுகளும்

சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து தழைக்கும். வேரோடு பெயர்க்க வேண்டும். ஆனால் கரையை இப்போது பிடித்து வைத்திருப்பதும் அதே வேர்தான். ஒரே ஆண்டில் முழுவதையும் பெயர்த்தால் கரை அம்மணமாகப் பருவமழையைச் சந்திக்கும். நீரோட்டம் நேராக மோதாத பக்கத்தில் முதலில் எடுத்து, அங்கே நாட்டுச் செடிகள் நிலைத்த பின் மறுபக்கம் செல்வது பாதுகாப்பானது.

வெளிநாட்டுக் கையேடுகள் கரையில் வில்லோ மரக் குச்சிகளை அடித்து இறக்கச் சொல்லும். இங்கே அந்த வேலைக்கு நொச்சிப் போத்து (வெட்டி நடும் குச்சி) இருக்கிறது. ஆற்றோரத்தில் தானே வளரும், ஆடு கடிக்காது. நீர் விளிம்பில் வெட்டிவேரும் நாணலும், மேடையில் நீர்மருதும் புங்கனும் நாவலும் என்று மட்டத்துக்கு ஏற்பப் பிரித்து நடலாம். நீர்மருதுக் கன்றைக் கரை உச்சியில் நட்டுவிட்டு அது கோடையில் காய்ந்ததென்று வருந்துவதில் பொருளில்லை. நடும் காலம் மழையின் தொடக்கம். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும், ஆடுமாடு புகாமல் பார்த்துக்கொள்ளக் காவலும் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும்.

மொத்த நிதியில் ஒரு பகுதியைத் தொடாமல் மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கி வைக்குமாறு நிதி தருபவரிடம் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். நடைபாதைக்கும் விளக்குக் கம்பத்துக்கும் தாராளமாகத் தருபவர்கள் இதற்குத் தயங்குவார்கள். அப்போது நடைபாதையைக் குறைத்துக்கொள்வதுதான் சரி. பணி முடிந்த மாதத்தில் எல்லாக் குறுக்குவெட்டுகளையும் மட்டம் குறித்து வைத்த பெஞ்ச்மார்க் கற்களிலிருந்து அளந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் ஜனவரியில் மீண்டும் அளந்து ஒப்பிட வேண்டும். வெள்ளக்கரையின் அடியை நோக்கி அரிப்பு நகர்ந்திருக்கும் இடத்தில் மட்டும் கல்லோடு இறங்குங்கள். வாய்க்கால் மேடைக்குள்ளேயே இடம் மாறியிருந்தால், புதிய இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு அதை அப்படியே விட்டுவிடலாம்.